கையெழுத்துப் போட்டது நான்தான், இனி என்ன செய்வது?

மலேசியாவில் சுபாங்கில் விமானம் பழுது பார்க்கும் ஒரு ஹேங்கரில் வேலை செய்யும் 29 வயதுத் தம்பி ஒருவர் ஐந்து பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், நிறுவனம், விமானத்தின் பதிவு எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கம் மட்டும் தருகிறேன்.

டிப்ளோமா முடித்து ஆறு ஆண்டாக டெக்னீஷியன். விமானப் பராமரிப்பு லைசென்ஸ் தேர்வுகளில் பாதி தாண்டிவிட்டார். நான்கு மாதத்துக்கு முன் ஒரு நைட் ஷிப்ட். பெரிய பராமரிப்புச் சோதனை முடிந்து மறுநாள் மாலை விமானத்தை ஒப்படைத்தாக வேண்டும். விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் வால் பகுதி மடலுக்கு எலிவேட்டர் என்று பெயர். அதை அசைக்கும் ஆக்சுவேட்டர் என்ற கருவியைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். இவர் போல்ட்டுகளை இறுக்கிய டார்க் ரெஞ்சின், அதாவது குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ரெஞ்சின், கைப்பிடியில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரில் அளவு சரிபார்க்கும் தேதி முடிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. டூல் ஸ்டோரில் வேறு ரெஞ்ச் இல்லை. அடுத்து, இன்னொருவர் தனியாக மேலே ஏறிப் பார்த்து முத்திரை குத்த வேண்டிய கட்டம். இன்ஸ்பெக்டர் ஏறவில்லை. கீழே மேசையில் மைலோ குடித்தபடியே, செய்த வேலைகளைப் பதியும் கார்டில் முத்திரை குத்தினார்.

மூன்றாவது விஷயம்தான் தம்பியைத் தூங்கவிடாமல் செய்கிறது. உள்பக்க போல்ட்டின் நட்டுக்குக் காட்டர் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் சின்னக் கம்பி) போடும் வேலையை முந்தைய ஷிப்டே முடித்துவிட்டது என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். கார்டில் அந்த வரி காலியாக இருந்தது. தான் செய்யாத, கண்ணால் பார்க்காத அந்த வேலைக்கு 'செய்தவர்' கட்டத்தில் இவரே கையெழுத்துப் போட்டார். அப்புறம் பேனலை மூடிவிட்டார்கள். பின்னைப் போட்டதாகச் சொல்லப்பட்டவர் மறு மாதமே சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டார். கையெழுத்துப் போடச் சொன்ன சூப்பர்வைசர், இவரை வேலையில் சேர்த்துவிட்டவர். இருவரும் ஒரே கோயில், ஒரே தைப்பூசக் குழு. வீட்டில் எல்லாரும் 'அண்ணே' என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள்.

மனைவிக்கு ஏழாம் மாதம். நிறுவனத்துக்கு 45,000 வெள்ளி பயிற்சிப் பாண்டு, அதாவது இடையில் வேலையைவிட்டால் பயிற்சிச் செலவைக் கட்டுவதாக எழுதிக்கொடுத்த ஒப்பந்தம், இருக்கிறது. மூன்று கார்டுகளையும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார். அவற்றைப் பார்த்த மச்சான், 'பேஸ்புக்கில் போடு, பத்திரிகைக்குக் கொடு, சட்டம் உன்னைக் காப்பாற்றும்' என்கிறாராம். தம்பி கேட்பது இதுதான்: 'சட்டம் உண்மையிலேயே காப்பாற்றுமா? இல்லை, பேசாமல் ராஜினாமா செய்துவிட்டு நானும் சிங்கப்பூர் போய்விடட்டுமா? நான்கு மாதமாக விமானம் நன்றாகத்தானே பறக்கிறது?'

தம்பி, உங்கள் கடிதம் வந்த அன்றே இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினேன். 'காட்டர் பின் விஷயத்தை இன்றே எழுத்தில் கொடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.' ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினேன் என்பதை இங்கே விளக்குகிறேன். உங்களைப் போல் இன்னும் சிலர் இதே குழப்பத்தோடு சத்தமில்லாமல் இருப்பார்கள் என்பதால் பொதுவிலும் எழுதுகிறேன்.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நான் வழக்கறிஞர், பொறியாளர் இல்லை. ஆனால் வேலை வழக்குகளுக்காக விபத்து அறிக்கைகளைப் படித்துப் படித்து ஒரு விஷயம் எனக்கே தெரிந்துபோனது. 'இதுவரை ஒன்றும் ஆகவில்லை' என்பது ஒரு சோதனை முடிவு இல்லை. 1978-ல் ஜப்பானில் ஒரு போயிங் 747-ன் வால் ஓடுபாதையில் உரசியது. உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தைத் தாங்கும் பின்பக்கத் தடுப்புச் சுவரைப் பழுது பார்த்தபோது, ஒரே தகடாகப் போட வேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டாக வெட்டிப் போட்டார்கள். அதனால் இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய பாரம் ஒரு வரிசையில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்த விமானம் ஏழு ஆண்டு பறந்தது. 1985 ஆகஸ்ட் 12 அன்று தடுப்பு கிழிந்து, 524 பேரில் 520 பேர் இறந்தார்கள். அந்த ஏழு ஆண்டில் எந்த நாளில் கேட்டிருந்தாலும் 'நன்றாகத்தானே பறக்கிறது' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

உங்கள் விமானத்துக்கு இப்படித்தான் ஆகும் என்று பயமுறுத்தவில்லை. பின் அங்கேயே இருக்கலாம். முந்தைய ஷிப்டில் இருந்தவர் பொறுப்பான ஆளாகவே இருந்து, போட்டுவிட்டு எழுத மட்டும் மறந்திருக்கலாம். ஆனால் இன்று அது இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. பேனலைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். அந்தச் சில மணி நேர வேலை நடக்காமல் இருப்பதற்கு ஒரே காரணம், கார்டில் உங்கள் கையெழுத்து இருப்பதுதான். அந்தக் கட்டம் காலியாக இருந்திருந்தால் யாராவது ஏறிப் பார்த்திருப்பார்கள்.

2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவில் அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் 9 விமானத்தில், பயன்படாத கதவு இடத்தை மூடியிருந்த அடைப்பு நடுவானில் பிய்த்துக்கொண்டு போனதே, ஞாபகம் இருக்கும். விமானம் கைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தொழிற்சாலையில், பழுதான ரிவெட்டுகளைச் சரிசெய்வதற்காக அந்த அடைப்பைத் திறந்திருக்கிறார்கள். மூடும்போது நான்கு போல்ட்டுகளைப் போடவில்லை. நான்கு போல்ட் மறந்துபோனதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. திறந்ததற்கே பதிவு இல்லை. திறந்ததாக எழுதியிருந்தால்தானே மூடியதைச் சரிபார்க்க ஒரு ஆள் வருவார்? அங்கே எழுதாமல் விட்டதால் வந்த வினை. உங்கள் கார்டில் நடந்தது, செய்யாததை எழுதியது. விளைவு இரண்டிலும் ஒன்றுதான்.

டெக்னீஷியன் கையெழுத்துக்கு மதிப்பில்லையா?

'லைசென்ஸ் வைத்திருப்பவர் கடைசியில் போடும் கையெழுத்துதானே சட்டப்படி செல்லும், என்னுடையது வெறும் உள் விவகாரம்தானே' என்று எழுதியிருக்கிறீர்கள். இது தவறான எண்ணம். லைசென்ஸ் பெற்றவர் விமானத்தைச் சேவைக்கு விடும்போது ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்ப்பதில்லை. உங்கள் கட்டம் நிரம்பியிருக்கிறது என்பதை நம்பித்தான் அவர் கையெழுத்துப் போடுகிறார். பராமரிப்புப் பதிவில் தெரிந்தே பொய்யாக எழுதுவது யார் எழுதினாலும் குற்றம்தான்.

1991 செப்டம்பரில் டெக்சாஸில் ஈகிள் லேக் அருகே ஒரு சிறிய பயணிகள் விமானம் விழுந்து 14 பேர் இறந்தார்கள். முந்தைய இரவு வால் சிறகின் முன்விளிம்பிலிருந்து 47 திருகுகளைக் கழற்றியிருந்தார்கள். ஷிப்ட் மாறியபோது அதை யாரும் எழுதி வைக்கவில்லை, அடுத்து வந்தவர்களுக்குத் தெரியவில்லை, விமானம் காலையில் கிளம்பிவிட்டது. உங்கள் ஹேங்கரிலும் ஷிப்ட் மாறும் நேரத்தில் வாயால் சொல்லி விடுவதுதான் பழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தை அப்படியே உங்கள் புகாரிலும் சேருங்கள். உங்கள் ஒரு கையெழுத்தைவிட அந்தப் பழக்கம்தான் பெரிய விஷயம்.

ரெஞ்ச் விஷயத்தில் ஒரு ஆறுதல் இருக்கிறது. தேதி முடிந்த ரெஞ்ச் தவறான ரெஞ்ச் என்று ஆகிவிடாது. அதை ஆய்வகத்துக்கு அனுப்பும்போது, திருத்துவதற்கு முன் அது என்ன அளவு காட்டியது என்று முதலில் குறித்துக்கொள்வார்கள். அந்த அளவு எல்லைக்குள் இருந்தால், தேதி முடிந்த பிறகு செய்த வேலைகளும் பெரும்பாலும் தப்பித்துவிடும். எல்லை தாண்டியிருந்தால், கடைசியாகச் சரியாக இருந்த நாளிலிருந்து அந்த ரெஞ்ச் தொட்ட எல்லா வேலைகளையும் தேடிப் பிடித்து மறுபடி பார்க்க வேண்டும். அதற்குத்தான் கார்டில் ரெஞ்சின் எண்ணை எழுதச் சொல்கிறார்கள். நீங்கள் எழுதினீர்களா என்று கடிதத்தில் சொல்லவில்லை. எழுதியிருந்தால் நல்லது. வேறு ரெஞ்சின் எண்ணை எழுதியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நான் கேட்டால் பரவாயில்லை, விசாரணையில் முதன்முதலாகக் கேட்டு நீங்கள் திணறுவதுதான் ஆபத்து.

மச்சான் சொன்ன சட்டம்

மச்சான் சொல்லும் சட்டம் இருக்கிறது. தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் 2010, அக்தா பெர்லிண்டுங்கான் பெம்பெரி மக்லுமாட். குற்றமாகவோ ஒழுங்கு மீறலாகவோ இருக்கும் ஒரு நடத்தையைத் தெரிவிப்பவரின் அடையாளத்தை ரகசியமாக வைக்க வேண்டும், அதற்காக அவர்மேல் வழக்குப் போடக் கூடாது, வேலையில் பழிவாங்கக் கூடாது என்கிறது அது. தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். வெளியே சொல்லக் கூடாது என்று வேலை ஒப்பந்தத்தில் இருந்தாலும், இந்தச் சட்டப்படி தகவல் கொடுப்பதை அது தடுக்க முடியாது.

ஆனால் மச்சான் பாதியைத்தான் படித்திருக்கிறார். பாதுகாப்பு கிடைப்பது அமலாக்க அதிகாரம் உள்ள அமைப்பிடம் சொன்னால் மட்டுமே. உங்கள் விஷயத்தில் அது மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம், எல்லாரும் சிஏஏஎம் என்பார்கள், புத்ராஜெயாவில் இருக்கிறது. பேஸ்புக்கில் போட்டாலும் பத்திரிகைக்குக் கொடுத்தாலும் இந்தச் சட்டம் உங்கள் பக்கம் எட்டிப் பார்க்காது. அரசியல்வாதி ரஃபிசி ரம்லி 2012-ல் வங்கிக் கணக்கு விவரங்களைப் பத்திரிகையாளர்கள் முன் வெளியிட்டார். 2018-ல் அவருக்கு 30 மாதச் சிறை விதித்தார்கள். மேல்முறையீட்டில் 2019-ல் விடுதலையானார் என்றாலும், இடையில் எத்தனை ஆண்டு கோர்ட்டுக்கு அலைந்தார் என்று பாருங்கள். அவருக்குப் பின்னால் ஒரு கட்சியே இருந்தது. உங்களுக்குப் பின்னால் ஒரு மச்சான்தான் இருக்கிறார்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. சொந்த நிறுவனத்தின் மேலாளரிடம் சொல்வதும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வராது.

அடுத்ததைக் கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். வெளிப்படுத்தும் தவறில் தகவல் கொடுப்பவரும் பங்கெடுத்திருந்தால் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம் என்று அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்கிறது. காட்டர் பின் வரியில் இருப்பது உங்கள் கையெழுத்து. வேலை நீக்கத்திலிருந்து தப்பிப்பதற்காகவே தகவல் கொடுத்தாலும் அதே கதிதான். 2025-ல் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது, அதனால் வழக்கறிஞரிடம் போகும்போது திருத்திய வாசகத்தை வைத்தே பேசச் சொல்லுங்கள். எப்படியிருந்தாலும் முதல் வரியிலேயே உங்கள் பங்கைச் சொல்லிவிடுவதுதான் சரி. 'இன்ஸ்பெக்டர் பார்க்காமல் முத்திரை குத்தினார்' என்று எழுதிவிட்டு உங்கள் கையெழுத்தைப் பற்றி மூச்சு விடாமல் இருந்தால், அது வெளியே வரும் நாளில் நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளும் பொய்யாகத் தெரியும்.

அதனால்தான் நேரமும் முக்கியம். நிறுவனம் விளக்கம் கேட்கும் ஷோ காஸ் கடிதம் கைக்கு வந்த பிறகு சிஏஏஎம்-க்கு எழுதினால், தப்பிக்கப் பார்க்கிறார் என்பார்கள். அதற்கு முன்பே எழுதினால் அப்படிச் சொல்வது கடினம்.

ஒரே நாளில் இரண்டு கடிதம்

விமானத்தை வேகமாகத் தரையில் நிறுத்தக் கூடியவர்கள் உங்கள் நிறுவனத்தார்தான். சட்டப் பாதுகாப்பு இருப்பதோ சிஏஏஎம் பக்கம். எனவே இரண்டையும் ஒரே நாளில் செய்யச் சொல்வேன். காலையில் சிஏஏஎம்-க்குத் தகவல், அதன் நகலும் பெற்றதற்கான பதிலும் உங்கள் கையில். மதியத்துக்குள் நிறுவனத்தின் பாதுகாப்பு மேலாளருக்கும் தர மேலாளருக்கும் எழுத்தில் அறிக்கை. சூப்பர்வைசர் வழியாகக் கொடுக்காதீர்கள். நிறுவனத்துக்குள் கொடுப்பதில் கதை வேண்டாம்: 'இன்ன தேதி, இன்ன கார்டு, இன்ன வரியில் நான் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். அந்த வேலையை நான் செய்யவில்லை, பார்க்கவுமில்லை. அந்த இடத்தைத் திறந்து பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.' இவ்வளவு போதும். ரெஞ்சின் எண்ணையும் ஸ்டிக்கர் தேதியையும் அடுத்த வரியில் சேருங்கள். இன்ஸ்பெக்டர் மைலோ குடித்ததெல்லாம் வேண்டாம். 'மேலே ஏறவில்லை, நான் அங்கேதான் இருந்தேன்' என்றால் போதும்.

சிஏஏஎம் இதைக் கண்டுகொள்ளுமா என்று சந்தேகப்படுகிறீர்கள். 2019 நவம்பரில் அமெரிக்க விமான நிர்வாகம் தன் பாதுகாப்பு மதிப்பீட்டில் மலேசியாவை இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. காரணம் நம் விமானங்கள் இல்லை, ஆணையத்தின் மேற்பார்வை போதவில்லை என்பதுதான். முதல் தரம் திரும்பக் கிடைக்க 2022 அக்டோபர் ஆனது. அந்தச் சூடு பட்ட அலுவலகம், எலிவேட்டர் சம்பந்தப்பட்ட ஒரு கடிதத்தை மேசையில் தூங்கவிடும் என்று நான் நினைக்கவில்லை.

போனில் இருக்கும் படங்களை அழிக்காதீர்கள், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். மச்சானுக்கு ஏற்கெனவே போனதை இனி ஒன்றும் செய்ய முடியாது, அவர் மேலே அனுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை நிறுவனத்தின் ஆவணங்கள், தவறான கையில் போனால் உங்கள்மேலேயே திரும்பும். அதைவிட உதவுவது ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். அன்றிரவு மணி எத்தனை, யார் எங்கே நின்றார், யார் என்ன சொன்னார் என்று உங்கள் கையால் எழுதி, எழுதிய தேதியையும் போடுங்கள். வழக்கறிஞரிடம் நீங்கள் சொல்வது ரகசியம், அவரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றி அதைச் சொல்ல வைக்க முடியாது. மச்சானிடம் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

வேலை, பாண்டு, சிங்கப்பூர்

கோபத்திலோ பயத்திலோ ராஜினாமா எழுதாதீர்கள். உங்களை வேலையைவிட்டு நீக்கினால், நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறையில், அதாவது ஜபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசாஹானில், 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி மனுக் கொடுக்கலாம். 61-ஆம் நாள் போனால் கதவு மூடியிருக்கும். மேல்முறையீடு பேசிக்கொண்டிருந்தேன், மனிதவளத் துறை பதில் சொல்லும் என்று காத்திருந்தேன் என்றெல்லாம் சொல்லி வந்தவர்களை எனக்குத் தெரியும். ஒன்றும் செய்ய முடியவில்லை. நீங்களாக எழுதிக்கொடுத்துவிட்டால், நிறுவனம்தான் உங்களை வெளியே தள்ளியது என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் ஏறும்.

பாண்டில் எழுதியிருக்கும் 45,000 வெள்ளி என்பது உச்சவரம்பு. ஒப்பந்தச் சட்டம் 1950-ன் 75-ஆம் பிரிவின்படி, அந்தத் தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் கொடுக்கும். ஆனால் அது நியாயமில்லை என்று காட்ட வேண்டியவர் நீங்கள். ஆறு ஆண்டு வேலை செய்ததும், பயிற்சிக்கு உண்மையில் எவ்வளவு செலவானது என்பதும் அங்கே பேசும். அவர்களே நீக்கினால் பாண்டு கட்ட வேண்டுமா என்பது உங்கள் பாண்டின் வாசகத்தைப் பொறுத்தது. அந்தத் தாளை எடுத்து வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

லைசென்ஸ்? ஒழுங்கு நடவடிக்கை வரலாம், தேர்வு தள்ளிப்போகலாம். அது நடக்காது என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் தானே முன்வந்து கையெழுத்தைத் திரும்பப் பெற்றவரையும், பிடிபட்ட பிறகு ஒத்துக்கொண்டவரையும் யாரும் ஒரே தராசில் வைப்பதில்லை. சிங்கப்பூர் போனாலும் கார்டு சுபாங்கில்தான் இருக்கும், உங்கள் கையெழுத்தோடு.

அண்ணே

கடிதத்தின் கடைசிப் பக்கம் முழுக்க அவர்தான். 'அவர் கெட்டவர் இல்லை' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். 1990 ஜூனில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றில் விமானியின் முன்கண்ணாடி நடுவானில் பிய்ந்தது. கேப்டன் பாதி உடல் வெளியே தொங்க, பணியாளர்கள் காலைப் பிடித்துக்கொண்டார்கள். ஆள் பிழைத்துவிட்டார். அதற்கு முந்தைய நாள் விடியற்காலை அந்தக் கண்ணாடியை மாட்டியவர் அனுபவமுள்ள ஷிப்ட் மேலாளர். ஆள் பற்றாக்குறை என்று தானே இறங்கி வேலை செய்திருக்கிறார். கழற்றிய போல்ட்டைக் கையில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டுப் புதியதை எடுத்திருக்கிறார். 90 போல்ட்டில் 84 தடிமன் குறைவு, மீதி 6 நீளம் குறைவு. அவர் செய்ததை இன்னொருவர் பார்க்க வேண்டும் என்ற விதி அந்த வேலைக்கு இல்லை. உங்கள் வேலைக்கு இருந்தது. முத்திரையும் விழுந்தது, பார்க்கத்தான் ஆள் இல்லை.

அண்ணேயும் அன்றிரவு மேலேயிருந்து வந்த நெருக்கடியில் இருந்திருப்பார். ரெஞ்ச் இல்லாத ஸ்டோரும் ஆள் போதாத ஷிப்டும் அவர் உண்டாக்கியவை இல்லை. விசாரணையில் அதைச் சொல்ல அவருக்கும் வாய்ப்புக் கிடைக்கும். அறிக்கை கொடுப்பதற்கு முன் அவரிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அறிக்கை கொடுக்க வேண்டாம் என்று அவர் கெஞ்சினால் உங்களால் மறுக்க முடியாது, அது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. கொடுத்த அன்று மாலையே நேரில் போய்ச் சொல்லுங்கள். 'என் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன் அண்ணே, பேனலைத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்' என்று மட்டும். வழக்கைப் பற்றிப் பேச்சு வளர்க்க வேண்டாம். அவருக்கும் ஒரு வழக்கறிஞர் தேவைப்படும். நான் உங்கள் பக்கம் இருப்பதால் அவருக்கு நான் ஆக முடியாது.

மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை என்கிறீர்கள். ஏழாம் மாதம் என்பதால் தயங்குவது புரிகிறது. ஆனால் மச்சானுக்குத் தெரிந்தது அவர் தங்கைக்குத் தெரியாமல் எத்தனை நாள் இருக்கும்? செவ்வாய்க்கிழமை மாலை ஐந்துக்கு மேல் அலுவலகத்தில் இருப்பேன், அவரையும் அழைத்து வாருங்கள். மாடி ஏற வேண்டாம், கீழே உள்ள கடையிலேயே உட்கார்ந்து பேசலாம். நோட்டுப் புத்தகம், பாண்டுத் தாள், நியமனக் கடிதம் மூன்றும் போதும்.